சாதிக்காயை விதைக்கும் புறா

பெருநாள் வட்டிலப்பத்தில் கலந்திருக்கும் சாதிக்காயின் வாசனை நமக்கு நன்கு தெரியும். ஆனால் மனிதர் தோட்டம் போட்டு அதை வளர்க்கத் தொடங்குமுன்னர், அந்த மரத்தைக் காட்டில் பரப்பியது யார்? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு காட்டுப்புறா இருக்கிறது.

சாதிக்காய் மரத்தின் தாயகம் இந்தோனேசியாவின் மலுக்கு மாகாணத்திலுள்ள பண்டா தீவுகள். அத்தீவுகளின் காடுகளில் ‘டுகுலா கொன்சின்னா’ என்னும் பெரிய புறா வாழ்கிறது. தலை வெளிர் சாம்பல் நிறம். முதுகும் சிறகுகளும் மினுங்கும் பச்சை. இயற்கையியல் அறிஞர் அல்பிரட் ரசல் வொலஸ் 1857, 1859, 1861 ஆகிய ஆண்டுகளில் பண்டாவுக்குச் சென்றார். இப்புறா சாதிக்காயை விழுங்கி, மேலிருக்கும் சாதிபத்திரியை மட்டும் சமிக்கச் செய்து, வித்தைப் பழுதின்றி வெளியேற்றுகிறது என்று அவர் எழுதிவைத்தார்.

இது எப்படி நடக்கிறது? சாதிக்காயின் பழம் முற்றியதும் இரண்டாகப் பிளக்கிறது. உள்ளே கரும்பழுப்பு நிற வித்து. அதைச் சுற்றிச் செந்நிற வலைபோல் சாதிபத்திரி. அந்தச் சிவப்புத்தான் பறவைக்கு விடுக்கும் அழைப்பு. ஓட்டோடு கூடிய சாதிக்காயை எடுத்துப் பாருங்கள். சாதிபத்திரி பதிந்திருந்த தடங்கள் அதில் தெரியும்.

நம் ஊர்களில் நெல் கொத்தும் புறாவின் அரைவைப்பை வலிமையானது. விழுங்கிய சிறு கற்களின் உதவியோடு அது தானியத்தை அரைத்துவிடும். வித்து அங்கேயே அழிகிறது. டுகுலா இனப் புறாக்களோ வேறு விதம். அவற்றின் வாய் அகலமாக விரியும், அரைவைப்பை மென்மையானது, குடல் குறுகிய நீளமும் பெரிய விட்டமும் கொண்டது. ஆகவே பெரிய வித்தும் சேதமின்றி வெளியே வருகிறது. சாதிக்காய் வித்து உலர்ந்தால் முளைத்திறனை விரைவில் இழக்கும். ஈரம் காயுமுன் அதை நிலத்தில் சேர்க்கும் இப்பறவை அம்மரத்துக்கு எத்துணை பொருத்தமான துணை!

வித்துப் பரம்பல் ஏன் அவசியம்? தாய்மரத்தின் அடியில் விழும் வித்துகள் ஒரே நிழலில் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட வேண்டும். பூச்சிகளும் பூஞ்சைகளும் அங்கேயே அவற்றை அதிகமாகத் தாக்கும். தூரம் சென்ற வித்துக்கே வாய்ப்பு அதிகம்.

இந்தத் தூரத்தைத் தடுக்க ஒரு வல்லரசு முயன்றது. 1621இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநர் நாயகம் யான் பீற்றர்சூன் கூன் பண்டாவைக் கைப்பற்றினார். அங்கு வாழ்ந்த முஸ்லிம் வணிக சமூகத்தில் பெரும்பாலானோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் இறந்தனர் அல்லது அடிமைகளாக நாடு கடத்தப்பட்டனர். ஒரு வாசனைத் திரவியத்தின் இலாபத்துக்காக நிகழ்ந்தது இது. பின்னர் கம்பனி வேறு தீவுகளில் இருந்த மரங்களை வெட்டியது. ஏற்றுமதியாகும் கொட்டைகள் முளைக்காதிருக்கச் சுண்ணாம்பில் தோய்த்தது. ஆனால் காட்டில் பழம் தின்று வித்தைச் சுமந்து பறக்கும் புறாவுக்கு எந்தக் கட்டளையும் பொருந்தவில்லை. 1796இல் ஆங்கிலேயர் பண்டாவைக் கைப்பற்றிய பின்னர் நாற்றுகள் பல நாடுகளுக்குச் சென்றன. இலங்கையும் அவற்றுள் ஒன்று. இன்று கண்டி மாவட்டத்தில் சாதிக்காய் மரங்களைப் பரவலாகக் காணலாம்.

கட்டளைகளால் நிறுத்த முடியாத இந்த வேலையைத் துப்பாக்கியும் கோடரியும் நிறுத்திவிடக் கூடும். இப்புறாக்கள் உடல் பெருத்தவை என்பதால் வேட்டைக்காரர் முதலில் குறிவைப்பது அவற்றையே. ஒரு தடவைக்குப் பொதுவாக ஒரு முட்டையே இடுவதால் இழப்பை ஈடுசெய்யவும் நீண்ட காலம் எடுக்கும். புறா போனால் அன்றே மரம் சாகாது, பூக்கும், காய்க்கும். ஆனால் பெரிய வித்துகளை விழுங்கச் சிறிய பறவைகளால் இயலாது. வித்துகள் தாய்மரத்தடியிலேயே கிடக்கும். பச்சைப் பசேலென்று தெரியும் காடு, உள்ளே வாரிசின்றி முதுமையடையும். அந்த இழப்பு நம் கண்ணில் படுவதற்குள் ஒரு தலைமுறை கடந்திருக்கும்.

இலங்கைக் காடுகளிலும் இதே இனத்தின் உறவுப்பறவை ஒன்று உண்டு. சாம்பல் தலையும் பச்சை முதுகும் கொண்ட அந்தப் பெரிய புறா, ‘டுகுலா ஈனியா’ எனப்படுகிறது. உயரமான மரங்களின் உச்சியில் அமர்ந்து ஆழ்ந்த குரலில் கூவும். சுற்றுலா செல்லும்போது அக்குரலைக் கேட்டால் சற்று நின்று கேளுங்கள், சகோதரிகளே. கல்லெறியும் தம்பிமாரைத் தடுத்து, அப்பறவை செய்யும் வேலையைச் சொல்லிக்கொடுங்கள். அது தின்னும் ஒவ்வொரு பழத்திலும் நாளைய மரம் ஒன்றுக்கான வாய்ப்பு இருக்கிறது.