புரதச்சத்து: இல்லத்தில் முடிவு செய்பவர் அறிய வேண்டுவன

தோட்டத்து வீடுகளில் நாள்தோறும் இரண்டு முடிவுகள் செய்யப்படுகின்றன. எதை வாங்குவது என்பது ஒன்று. வாங்கியதை யாருக்கு எவ்வளவு பரிமாறுவது என்பது மற்றொன்று. முதல் முடிவைப் பெரும்பாலும் சம்பளப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் செய்கிறார். இரண்டாவது முடிவை அகப்பையைக் கையில் பிடித்திருப்பவர் செய்கிறார். இவ்விருவரும் புரதச்சத்தைப் பற்றி என்ன அறிந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே அவ்வீட்டுக் குழந்தைகளின் உயரமும் எடையும் நோயை எதிர்க்கும் வலிமையும் பெருமளவில் அமைகின்றன.

‘புரதம்’ என்னும் சொல்லை இன்று நம்மில் பலரும் கேட்டிருக்கிறோம். ஆனால் சொல்லை அறிவது வேறு. அச்சத்து நம் வீட்டில் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்பதை அறிவது வேறு. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தமை தெரியவந்தது. அடிக்கடி வரும் நோய், பிறக்கும்போதே குறைந்த எடை முதலிய பல காரணங்கள் இதற்கு உண்டு. எனினும் நம் கையால் திருத்தக்கூடிய காரணம் ஒன்று அடுப்படியில் இருக்கிறது. அதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

புரதம் செய்யும் வேலை

பால்மரம் சீவும் நமக்கு ஒன்று நன்கு தெரியும். சீவிய பட்டை மறுபடியும் வளர்ந்தால்தான் அம்மரம் நெடுங்காலம் பால் தரும். நம் உடலிலும் அவ்வாறே தேய்ந்த பகுதிகள் ஒவ்வொரு நாளும் புதுப்பிக்கப்படுகின்றன. அவ்வேலைக்கு வேண்டிய பொருள் புரதமே. வளரும் குழந்தைக்கோ தேய்ந்ததைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. புதிய தசையும் எலும்பும் குருதியும் உண்டாக வேண்டும்.

சோறும் சர்க்கரையும் எண்ணெயும் உடலுக்கு விறகு போன்றவை. அவை மிகுந்தால் உடல் அவற்றைக் கொழுப்பாகச் சேமித்து வைக்கும். புரதத்திற்கு அத்தகைய கிடங்கு நம் உடலில் இல்லை. ஆகவே அது நாள்தோறும் வந்து சேர வேண்டும். விறகு குறைந்தால் உடல் புரதத்தையே எரித்துவிடும் என்பதால், குழந்தைக்குச் சோற்றைக் குறைப்பதும் தவறாகும்.

தேவையை எளிதில் நினைவில் வைக்கலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம் வேண்டும். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 12 கிராம். 55 கிலோ எடையுள்ள தாய்க்கு 55 கிராம். அத்தாய் கருவுற்றிருந்தால், கடைசி மூன்று மாதங்களில் நாள்தோறும் மேலும் ஏறக்குறைய 25 கிராம் தேவைப்படும்.

முதலாவது தவறான எண்ணம்: இறைச்சியில்தான் புரதம் உண்டு

சம்பள நாளன்று கோழியோ ஆட்டிறைச்சியோ வாங்கி எல்லாரும் வயிறார உண்பது நம் வழக்கம். அதில் குற்றமில்லை. ஆனால் அன்று உண்ட புரதம் மாதக் கடைசி வரை உடலில் தங்கியிராது. எஞ்சிய நாள்களில் சோறும் புளிக்குழம்புமாக இருந்தால், குழந்தையின் வளர்ச்சி அந்நாள்களில் தடைப்படும்.

இறைச்சியைத் தவிர வேறு எவற்றில் புரதம் உண்டு? சமைக்காத பொருள் 100 கிராமில் ஏறக்குறைய உள்ள அளவு வருமாறு:

கோழி இறைச்சி, மீன்: 20 கிராம்
பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை: 20 முதல் 24 கிராம்
நிலக்கடலை: 25 கிராம்
தெம்பே: 18 முதல் 20 கிராம்
அரிசி: 7 கிராம்

ஒரு கோழிமுட்டையில் 6 கிராம் உண்டு. காய்ந்த நெத்திலியிலோ எடையில் பாதி அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு கோழி வாங்கும் பணத்திற்கு எத்தனை முட்டை கிடைக்கும், எத்தனை கிலோ பருப்பு கிடைக்கும் என்று கடையில் ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தல் நலம். அக்கணக்கைச் செய்தவர் ‘நம் சம்பளத்திற்குச் சத்துணவு எட்டாது’ என்று எளிதில் சொல்லமாட்டார்.

பருப்பின் புரதம் தாழ்ந்தது என்று எண்ணுவாரும் உளர். அரிசியில் லைசின் என்னும் கூறு குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள மெத்தியோனின் என்னும் கூற்றை அரிசி ஈடு செய்கிறது. பருப்புச் சோறும், உளுந்து சேர்த்த தோசையும் இட்டலியும் நம் முன்னோர் கண்ட நல்ல சேர்க்கைகள் ஆகும்.

இரண்டாவது தவறான எண்ணம்: சத்து சாற்றில் இறங்கிவிடும்

பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்த நீரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டுகிறோம். அடியில் நிற்கும் பருப்பு பெரியவர்களின் தட்டுக்குப் போகிறது. கோழிச் சாற்றைக் குழந்தைக்குக் கொடுத்து, கறியைப் பிறர் உண்பதும் இவ்வாறே. வேகும்போது புரதத்தின் பெரும்பகுதி பருப்பிலும் கறியிலுமே தங்கிவிடுகிறது. சாற்றில் இறங்குவது சிறிதளவே. குழந்தையின் வயிறு சிறியது. அது நீரால் நிறைந்துவிட்டால் உணவுக்கு இடமேது? பருப்பை நன்றாக மசித்தும், மீனை முள் நீக்கியும், கறியைப் பொடியாக நறுக்கியும் கொடுப்பதே முறையாகும்.

மூன்றாவது தவறான எண்ணம்: டின் பால் பிள்ளையை வளர்க்கும்

தேத்தண்ணீரில் கலக்கும் இனிப்பு டின் பாலில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. இன்று கடைகளில் விற்கும் இனிப்புக் கிரீமர்களில் பாலின் பங்கு இன்னும் குறைவு; செம்பனை எண்ணெயும் சேர்ந்திருக்கும்.

இவ்வெச்சரிக்கை புதியதன்று. சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவப் பெண்மணி, இன்று கானா எனப்படும் நாட்டில் பணியாற்றியபோது, முகமும் காலும் வீங்கி வாடிய குழந்தைகளைக் கண்டு 1933இல் அந்நோயை விவரித்து எழுதினார். அம்மக்கள் அதனை ‘குவாஷியோர்க்கர்’ என்றனர். அடுத்த குழந்தை பிறந்ததும், தாய்ப்பாலை இழந்த மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. புரதக் குறைவோடு வேறு காரணங்களும் அந்நோய்க்கு உண்டென்று இன்று அறிகிறோம். பின்னர் அவர் மலாயாவுக்கு வந்தார். கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பு டின் பால் கொடுக்கப்படுவதைக் கண்டு, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். அத்தலைப்பின் கடுமையே அவர் கண்ட துயரைக் காட்டுகிறது.

முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே போதும். அதன்பின் மசித்த உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம். தாய்ப்பாலை மறந்த குழந்தைக்குப் பால் வாங்குவதாயின், இனிப்புச் சேர்க்காத முழுப்பாலே உரியது.

நான்காவது தவறான எண்ணம்: உழைப்பவருக்கே நல்ல பங்கு

விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, வெயிலில் மரம் சீவி வருபவருக்கு நல்ல உணவு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் வீடுகளில் பெண்களும் அதே நிரையில் நின்று மரம் சீவுகின்றனர். வீடு திரும்பிச் சமைத்து, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, சட்டியில் எஞ்சிய குழம்போடு கடைசியில் உண்பவர் அவரே. அவர் கருவுற்றிருந்தால் இரண்டு உயிர்களின் பங்கு அங்கே குறைகிறது. மீனும் முட்டையும் ‘கரப்பான்’ என்று சொல்லி, பிள்ளை பெற்ற தாய்க்கு மறுக்கும் வழக்கமும் சில குடும்பங்களில் உண்டு. பாலூட்டும் தாய்க்குப் புரதம் மிகுதியாக வேண்டிய காலம் அதுவே. மருத்துவர் விலக்கச் சொல்லாத உணவை நாம் விலக்குதல் ஆகாது.

ஒரு குழந்தை, இரண்டு தட்டுகள்

12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எண்ணிப் பார்ப்போம். அது நாள் முழுவதும் உண்ணும் சோறு 75 கிராம் அரிசியில் ஆனது என்க. அதில் ஏறக்குறைய 5 கிராம் புரதம் கிடைக்கும். இரசமும், கிரீமர் கலந்த தேத்தண்ணீரும் அதனுடன் சேர்ந்தால் மொத்தம் 7 கிராம் ஆகலாம். தேவை 12 கிராம். வயிறு நிறைந்தது, வளர்ச்சிக்கு வேண்டியது நிறையவில்லை.

அதே சோற்றுடன் 25 கிராம் பருப்பை மசித்துச் சேர்த்து, ஒரு முட்டையையும் முழுதும் வேகவைத்துக் கொடுத்தால், பருப்பில் 5 கிராமும் முட்டையில் 6 கிராமும் கிடைத்து, மொத்தம் 16 கிராம் ஆகிறது. முட்டை இல்லாத நாளில் 10 கிராம் நெத்திலியை நீரில் ஊறவைத்து உப்பை நீக்கி, வறுத்துப் பொடித்துச் சோற்றில் கலக்கலாம். நிலக்கடலையைச் சிறு குழந்தைகளுக்கு முழுதாகக் கொடுத்தலாகாது, தொண்டையில் அடைக்கும். அரைத்தே கொடுக்க வேண்டும். பூஞ்சை படிந்த கடலையை எறிந்துவிட வேண்டும்.

நம்மை நாமே கேட்போம்

நேற்று நம் வீட்டில் பருப்போ மீனோ முட்டையோ சமைத்தோமா? அது கடைக்குட்டியின் தட்டில் விழுந்ததா, அன்றிச் சாறு மட்டும் விழுந்ததா? வீட்டிலுள்ள தாய் என்ன உண்டார்? ஆயாக்கொட்டகையில் விடும் குழந்தைக்கு எதைக் கட்டிக் கொடுத்தோம்? குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் எடைக்கோடு ஏறுகிறதா, படுத்துவிட்டதா?

எடைக்கோடு ஏறாவிடில், அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தாதியரிடம் காட்டுதல் வேண்டும். எடை குறைந்த ஏழைக் குடும்பக் குழந்தைகளுக்கு உணவுப் பொருள்கள் வழங்கும் திட்டம் நம் நாட்டில் 1989இல் தொடங்கப்பட்டது. அதுபற்றியும் அங்கே கேட்டறியலாம்.

சம்பளம் உயரும் நாளுக்காக குழந்தையின் வளர்ச்சி காத்திராது. இன்றைய பருப்பை இன்றே மசித்து, முதலில் குழந்தையின் தட்டிலும், அடுத்துத் தாயின் தட்டிலும் வைப்போமாக. அகப்பை திரும்பும் திசையை மாற்றப் பணம் வேண்டுவதில்லை. அறிவும் அன்பும் போதும்.