பங்க் ராக் இசையும் கேட்போர் உள்ளமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

முன்னுரை

இசைக்கு மயங்காத உள்ளம் இல்லை என்பர். தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிகிறது மனித வாழ்வு. இவ்விரண்டுக்கும் இடையே மனிதன் தன் காதலைப் பாடுகிறான், பக்தியைப் பாடுகிறான், உழைப்பின் களைப்பையும் பாடுகிறான். தன் கோபத்தையும் அவன் பாடத்தானே வேண்டும்? மேலை நாடுகளில் அவ்வாறு கோபத்தைப் பாட எழுந்த இசையே பங்க் ராக்.

இது இளைஞர்களின் இசை என்று பெயர் பெற்றது. அப்படியானால், இளமையில் இதைப் பாடியவர்கள் ஐம்பது வயதைக் கடந்த பின்னும் ஒரு புதிய தட்டை வெளியிட்டால், கேட்போர் அதை எவ்வாறு ஏற்றுக்கொள்கின்றனர்? அமெரிக்காவின் கிரீன் டே குழு 2024 ஜனவரி 19 அன்று வெளியிட்ட 'சேவியர்ஸ்' என்னும் தொகுப்பைக் கொண்டு இக்கேள்வியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்க் ராக் தோன்றிய வரலாறு

1970-களின் தொடக்கத்தில் ராக் இசை மிகப் பெரிய செல்வந்தர் வீட்டுத் திருமணம் போல் ஆகிவிட்டிருந்தது. நீண்ட பாடல்கள், விலையுயர்ந்த கருவிகள், பல ஆண்டுப் பயிற்சி பெற்றவர் மட்டுமே வாசிக்கக்கூடிய நுணுக்கங்கள்! இதைக் கண்டு வெறுத்த இளைஞர் சிலர், "எங்களுக்குத் தெரிந்த அளவில் நாங்களும் வாசிப்போம்" என்று கிளம்பினர்.

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் 1974-இல் தோன்றிய ரமோன்ஸ் குழு இதற்கு முன்னோடியாகும். 1976-இல் வந்த இவர்களின் முதல் தட்டில் 14 பாடல்கள். மொத்த நேரமோ அரைமணிக்கும் குறைவு. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் டாம்ண்ட், செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் ஆகிய குழுக்கள் தத்தம் முதல் தொகுப்புகளை வெளியிட்டன. விரைவு, எளிமை, துணிவு ஆகிய மூன்றும் இவ்விசையின் இலக்கணம் எனலாம்.

அறிவியல் நோக்கில்

இயற்பியல் மாணவன் என்ற முறையில் என் கவனத்தைக் கவர்ந்த செய்தி ஒன்றுண்டு. பங்க் கிட்டார் வாசிப்பின் உயிர்நாடி 'பவர் கார்டு' என்பது. அடிப்படைச் சுரம் ஒன்று, அதன் ஐந்தாம் சுரம் ஒன்று: இவ்விரண்டையும் சேர்த்து மீட்டுவதே பவர் கார்டு. நம் இசையில் ச, ப என்று சொல்கிறோமே, தம்புராவில் எந்நேரமும் ஒலிக்கிறதே, அதே உறவுதான் இது. இதன் அதிர்வெண் விகிதம் 3:2.

கிட்டாரின் ஒரு கம்பி 110 ஹெர்ட்ஸில் அதிர்வதாகக் கொள்வோம். அதன் ஐந்தாம் சுரம் ஏறக்குறைய 165 ஹெர்ட்ஸ். ஆம்பிளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் அலையின் முகடுகள் வெட்டுப்படுகின்றன. இதுவே 'டிஸ்டார்ஷன்'. அலை வெட்டுப்படும்போது மூல அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலுமாகப் புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 165-இலிருந்து 110-ஐக் கழித்தால் 55, கூட்டினால் 275. இவை யாவும் 55-இன் மடங்குகளே! ஆகவே ஒலி குழம்பாமல், கீழே ஒரு கனத்த அடித்தளம் எழுந்து நிற்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாம் சுரத்தையும் (ஏறக்குறைய 138.6 ஹெர்ட்ஸ்) சேர்த்தால் என்ன ஆகும்? கழித்தலில் 28.6, 26.4 என்று ஒன்றுக்கொன்று நெருங்கிய, ஆனால் ஒட்டாத அதிர்வுகள் தோன்றி உரசுகின்றன. ஒலி சேறாகிவிடுகிறது. ஆகவேதான் மூன்றாம் சுரத்தை விட்டுவிடுகின்றனர்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பவர் கார்டு பிடிக்க இரண்டு மூன்று விரல்கள் போதும். அதே பிடியைக் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்தினால் வெவ்வேறு கார்டுகள் கிடைத்துவிடும். ஆசிரியரிடம் காசு கொடுத்துக் கற்க இயலாத சிறுவனும் சில வாரங்களில் ஒரு பாடலை வாசித்துவிடலாம். பங்க் ராக் ஏழை வீட்டு வாசலுக்கு வந்ததற்கு 3:2 என்னும் இந்த எளிய விகிதமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

கிரீன் டே வளர்ந்த கதை

குழுவின் பாடகரான பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் 1972-இல் பிறந்தவர். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிய ரோடியோ என்னும் சிற்றூரில், கலிபோர்னியாவில் வளர்ந்தவர். தந்தை லாரி ஓட்டுநர். ஜாஸ் இசையும் வாசிப்பவர். பில்லி ஜோவுக்குப் பத்து வயதானபோது அவர் புற்றுநோயால் மறைந்தார். தாய் உணவு விடுதியில் பரிமாறும் வேலை செய்து ஆறு பிள்ளைகளைக் கரையேற்றினார். பள்ளித் தோழர் மைக் டர்ன்டுடன் சேர்ந்து 1987-இல் பில்லி ஜோ இக்குழுவைத் தொடங்கினார். 1990-இல் டிரே கூல் டிரம்ஸ் வாசிக்க வந்து சேர்ந்தார். அவருடைய தந்தையும் லாரித் தொழில் செய்தவரே. பழைய நடமாடும் நூலக வண்டி ஒன்றைச் சீர்செய்து, அதில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அவரே ஓட்டிச் சென்றார்!

1994-இல் வந்த 'டூக்கி' தட்டு அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஈராக் போர் தொடங்கிய மறு ஆண்டு, 2004-இல், வெளிவந்த 'அமெரிக்கன் இடியட்' நாட்டின் அரசியலைச் சாடியது. ஒரு கதையைப் பாடல்களால் தொடுத்துச் சொன்ன அத்தொகுப்பு 2010-இல் பிராட்வே மேடையில் இசை நாடகமாகவும் அரங்கேறியது.

சாத்தப்பட்ட கதவு

இவ்வெற்றிக்குக் கொடுத்த விலையும் உண்டு. பெர்க்லி நகரில் 924 கில்மன் தெரு என்னும் முகவரியே பெயராகிப் போன ஓர் அரங்கம் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் கடைசி நாளில் திறக்கப்பட்டது. தொண்டர்கள் நடத்துவது, மதுவுக்கு இடமில்லை, எல்லா வயதினரும் வரலாம். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்த குழுக்கள் மட்டும் அங்கே வாசிக்கக் கூடாது என்ற விதி அப்போது இருந்தது. கிரீன் டே வளர்ந்த வீடு அதுவே. 1993-இல் அவர்கள் ரிப்ரைஸ் என்னும் பெரிய நிறுவனத்தில் சேர்ந்தனர். வளர்த்த வீட்டின் கதவு சாத்தப்பட்டது. 'விலைபோனவர்கள்' என்ற பெயரும் வந்து சேர்ந்தது.

2015 ஏப்ரலில் கிளீவ்லண்டின் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களுக்கு இடமளித்தது. அடுத்த மாதமே நிதி உதவி நிகழ்ச்சி ஒன்றுக்காக அதே கில்மன் அரங்கின் சிறு மேடையில் இவர்கள் மீண்டும் ஏறினர். ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கதவு திறந்தது.

புதிய தட்டும் கேட்போரும்

2020-இல் கிரீன் டே வெளியிட்ட தொகுப்பு 26 நிமிடமே ஓடுவது. அதில் வேறு வகை ஒலியை முயன்று பார்த்தனர். "இது கிரீன் டே இல்லை" என்று பழைய ரசிகர் பலர் முகம் சுளித்தனர். 'சேவியர்ஸ்' தொகுப்பில் 15 பாடல்கள். 'டூக்கி', 'அமெரிக்கன் இடியட்' ஆகியவற்றில் பணியாற்றிய தயாரிப்பாளர் ராப் கவாலோ இதற்குத் திரும்பி வந்தார். ஒலியும் பழைய பாணிக்குத் திரும்பியது. பலர் மகிழ்ந்தனர். இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் முதலிடமும், அமெரிக்காவில் நான்காம் இடமும் பெற்றது. ஆனால் வேறு சிலர், "தாங்கள் பாடியதையே திருப்பிப் பாடுகிறார்கள்" என்றனர்.

மாறினால் துரோகம், மாறாவிட்டால் தேக்கம். அப்படியானால் ஒரு கலைஞன் என்னதான் செய்வான்?

அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் ஸயான்ஸ் 1968-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு உதவும். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதே அதன்மீது விருப்பத்தை வளர்க்கிறது என்று அவர் காட்டினார். பொருள் தெரியாத சொற்களைக்கூட அடிக்கடி கண்டவர்கள் அவற்றை நல்லவை என்று கருதினர். இதை இசைக்குப் பொருத்திப் பார்ப்போம். 1994-இல் பள்ளியில் பயின்ற ஒருவர் 'டூக்கி'யை நூற்றுக்கணக்கான முறை கேட்டிருப்பார். புதிய தட்டையோ ஒருமுறை கேட்கிறார். உடனே இரண்டையும் தராசில் வைக்கிறார். ஒரு தட்டில் முப்பதாண்டுப் பழக்கமும் அவருடைய இளமையும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. தராசு நேர்மையாக நிற்குமா?

குழுவினரும் இதை அறிந்தே இருந்தனர் போலும். 2024-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் முப்பது ஆண்டு நிறைந்த 'டூக்கி'யையும், இருபது ஆண்டு நிறைந்த 'அமெரிக்கன் இடிய'ட்டையும் முழுமையாக வாசித்து, அவற்றோடு சேர்த்தே புதிய பாடல்களையும் தந்தனர்.

என் அனுபவம்

எனக்கு வயது இருபது. 'அமெரிக்கன் இடியட்' வந்தபோது நான் பிறக்கவேயில்லை. விடுதி அறைத் தோழர் ஒருவரின் கைபேசியில் 'டூக்கி'யையும் 'சேவியர்ஸை'யும் ஒரே வாரத்தில் கேட்டவன் நான். எனக்கு இரண்டும் ஒரே வயதுடையவை. ஆகவே பழமையின் பாசம் இன்றி ஒப்பிட முடிந்தது.

வேகத்தில் 'டூக்கி'யே சிறந்தது, ஐயமில்லை. அதில் பாடுபவன் வீட்டில் சோம்பிக் கிடக்கும் இளைஞன், தன்னையே நொந்துகொள்பவன். 'சேவியர்ஸில்' பாடுபவரோ குடிப்பழக்கத்தோடு போராடியவர். 'டிலெம்மா' என்னும் பாடல் அதைப் பற்றியது. 'ஃபாதர் டு எ சன்' என்னும் பாடல் தந்தை மகனிடம் பேசுவது. பத்து வயதில் தந்தையை இழந்தவர், தான் தந்தையாகி நின்று அதைப் பாடுகிறார். இருபத்திரண்டு வயதில் எவ்வளவு திறமை இருந்தாலும் இப்பாடலை அவரால் எழுதியிருக்க முடியாது. கார்டுகள் பழையவை, வாழ்க்கை புதியது. இதைத் 'திருப்பிப் பாடுதல்' என்று எப்படிச் சொல்வது?

இக்கேள்வி என்னைத் தொடுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுமுறையில் ஊருக்குப் போனால், "காலேஜுக்குப் போனதும் பேச்சே மாறிப் போச்சுடா உனக்கு" என்கிறார் மாமா. இங்கே வகுப்பிலோ, வாய் திறந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடுகிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அங்கே மாறியவன், இங்கே மாறாதவன். கில்மன் தெருவின் கதவு சாத்தப்பட்ட செய்தியைப் படித்தபோது அது எங்கோ கலிபோர்னியாவில் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சென்ற விடுமுறையில் 'ஃபாதர் டு எ சன்' பாடலை என் தந்தையாருக்குப் போட்டுக் காட்டினேன். அவர் லாரி ஓட்டுநர். சொல் ஒன்றும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், "யாருடா இவன்?" என்றார்.

"அமெரிக்காக்காரருப்பா. இவங்க அப்பாவும் லாரி ஓட்டினவருதான்."

"அப்படியா? அப்ப இன்னொரு தடவை போடு" என்றார்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று உண்மைகள் புலனாகின்றன. பங்க் ராக்கின் எளிமை அறியாமை அன்று. அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. புதிய தட்டை ஒருமுறை கேட்டுத் தீர்ப்பளிப்பது நேர்மையான சோதனை ஆகாது. ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்புகிறோமா? பலமுறை அளந்து சராசரி காண்கிறோம் அல்லவா? செவிக்கும் அந்த வாய்ப்பைத் தரவேண்டும். மூன்றாவதாக, புறப்பட்ட இடத்தை மறக்காதவன் எவ்வளவு தூரம் சென்றாலும் துரோகி ஆகமாட்டான்.

2025 மார்ச்சில் கிரீன் டே முதன்முறையாக இந்தியாவுக்கு வந்து மும்பையில் பாடியது. போக எனக்கு வசதியில்லை. அன்றிரவு விடுதி மொட்டை மாடியில் நானும் அறைத் தோழரும் ஒரே கைபேசியில் 'சேவியர்ஸை' முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். எத்தனையாவது முறை என்று எண்ணவில்லை. முதல்முறை கேட்டதைவிட நன்றாக இருந்தது.