குடும்பத் தொழிலில் மகளிர் பங்கு

தந்தையின் தொழிலை மகன் தொடர்வது நம் நாட்டு வணிகக் குடும்பங்களின் நெடுங்கால வழக்கம். சிறுவயதிலேயே மகன் கல்லாப் பெட்டியின் அருகே அமர்கிறான். கொள்முதல், விற்பனை, கடன் வசூல் ஆகியவற்றைப் பார்த்தே பழகுகிறான். மகளோ, வேறு வீட்டிற்குச் செல்ல வேண்டியவள் என்று விலக்கப்படுகிறாள். சென்ற வீட்டிலும் அவள் புதிதாய் வந்தவள் என்று விலக்கப்படுகிறாள். ஆக, பிறந்த வீடு, புகுந்த வீடு ஆகிய இரண்டிலும் தொழில் கற்கும் வாய்ப்பு அவளுக்கு இல்லாமற் போகிறது. இவ்வழக்கம் நம் மரபோடு பொருந்துமா, இன்றைய வாழ்விற்கு ஏற்குமா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மரபு கூறுவது

பகவான் விருஷபதேவர் உழவு, வாணிபம் முதலிய அறுதொழில்களை மக்களுக்கு வகுத்தருளினார் என்பதை அறிவோம். அப்பெருமானே தம் புதல்வியருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்று ஜினசேனாசாரியர் அருளிய ஆதிபுராணம் கூறும். வணிகக் கணக்கிற்கு அடிப்படையான இவ்விரண்டும் பெண்மக்களுக்கே கற்பிக்கப்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது.

வழக்காறும் இதற்கு மாறானதன்று. தில்லி முதலிய வடநாட்டு நகரங்களில் வாழ்ந்த ஜைனரின் வழக்கத்தை ஆராய்ந்த பிரிவி கவுன்சில், மகனில்லாத கைம்பெண் தன் கணவன் தானே ஈட்டிய சொத்தில் முழு உரிமை பெறுவாள் என்று 1878-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது.

சட்டம் தந்தது

ஜைனர்க்கும் பொருந்துவதாகிய 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை அளிக்கவில்லை. தமிழ்நாடு 1989-இல் அதனைத் திருத்தி, அதுவரை மணமாகாதிருந்த மகளிர்க்கு அவ்வுரிமையை வழங்கியது. 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் மணமான மகளிர்க்கும் அதனை அளித்தது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என 2020 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனினும், தந்தை தாமே ஈட்டிய சொத்தை உயில் வழியே விரும்பியவர்க்கு அளிக்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

கூட்டு வணிகத்தின் நிலை வேறு. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையாயின், பங்குதாரர் ஒருவர் மறைந்தவுடன் கூட்டு கலைந்துவிடும். அவர் மனைவி தாமாகவே பங்குதாரர் ஆகிவிடுவதில்லை. கணக்குத் தீர்த்துச் சேர வேண்டிய தொகையைப் பெறும் உரிமையே அவருக்கும் பிற வாரிசுகளுக்கும் உண்டு. கணக்கையே அறியாதவர், அத்தொகை சரியா என்று எவ்வாறு அறிவார்? துயரம் சூழ்ந்த அந்நாளில் பிறர் காட்டும் இடத்தில் கையெழுத்திடுவதன்றி அவருக்கு வேறு வழி இருப்பதில்லை.

பெயரும் பணியும்

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் இடம்பெற்ற நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணேனும் இருக்க வேண்டும் என்று விதித்தது. குடும்ப நிறுவனங்கள் பல, மனைவியையோ மகளையோ அவ்விடத்தில் அமர்த்தின. தகுதியுடையாரை அமர்த்துதல் நன்றே. ஆனால் தொழிலறியாதவரைப் பெயரளவில் அமர்த்துதல், பொறுப்பை மட்டும் சுமத்தி அறிவை மறுப்பதாகும். இதற்கு நேர்மாறாக, எத்தனையோ சிறு கடைகளில் பெண்கள் நாள்தோறும் உழைத்தும், அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் காணப்படுவதில்லை. இரண்டும் குறையே.

பயிற்சி அளித்தால் விளையும் பயனுக்குச் சான்று உண்டு. ஜைனரான வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் பிறரும் 1919-இல் தொடங்கிய சிந்தியா கப்பல் கம்பெனியில், நரோத்தமின் மருமகள் சுமதி மொரார்ஜி இளமையிலேயே தொழில் கற்றார். 1956-இல் இந்தியக் கப்பல் உரிமையாளர் சங்கத்தின் தலைவரானார். 1971-இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். புகுந்த வீட்டுத் தொழிலை மருமகளும் ஏற்று நடத்த இயலும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

இல்லம் தர வேண்டியது

சட்டம் பங்கைத் தரும். பயிற்சியை இல்லமே தர வேண்டும். விடுமுறை நாட்களில் மகனோடு மகளையும் கடையில் அமர்த்துவோம். வரவேண்டியது எவ்வளவு, தரவேண்டியது எவ்வளவு, பத்திரங்கள் எங்குள்ளன என்பவற்றைத் திங்கள்தோறும் இல்லத்தரசியோடு அமர்ந்து பார்ப்போம். உழைக்கும் பெண்ணுக்குரிய ஊதியத்தைக் கணக்கில் எழுதுவோம். பங்குதாரர் மறைவுக்குப் பின் அவர் குடும்பத்திற்குரிய நிலையைக் கூட்டு ஒப்பந்தத்தில் இன்றே தெளிவாக்குவோம்.

இவற்றால் குடும்பத்தின் ஒற்றுமை குலையும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கணக்கை ஒளிப்பதால் எழும் ஐயமே உடன்பிறந்தாரைப் பிரிக்கிறது. சுந்தரிக்குக் கற்பிக்கப்பட்ட எண்ணை நம் பெண்மக்களும் கற்று, இல்லறமும் தொழிலும் ஒருங்கே சிறக்கச் செய்வோமாக.