தோற்ற பிறகும் மாறாத திட்டம்

காற்பந்து என்றாலே கோல் அடித்தவரின் பெயர்தான் நமக்கு முதலில் ஞாபகம் வரும். இந்த மாதம் நாம் பாடமாக எடுத்துக்கொள்ளும் ஆள், தன் நாட்டுக்காக 35 ஆட்டங்களில் இறங்கி ஒரு கோல்கூட அடிக்காதவர். போர்த்துகலின் பாவ்லோ பென்டோ. இவரிடம் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பொறுமையாகப் பார்ப்போம்.

ஆட்டக்காரர்

பென்டோ 1969-இல் லிஸ்பனில் பிறந்தவர். தற்காப்புப் பொறுப்புள்ள மத்தியத் திடல் ஆட்டக்காரர். அதாவது, மற்றவர்கள் முன்னால் ஓடும்போது பின்னால் நின்று இடத்தைக் காக்கிறவர். எதிரணியின் பந்தைப் பறித்து, நல்ல இடத்தில் இருக்கும் தோழருக்குக் கொடுப்பதுதான் அவர் வேலை. கைத்தட்டல் குறைவு, பொறுப்பு அதிகம். பென்ஃபிக்கா, ஸ்பெயினின் ஓவியேடோ ஆகிய கிளப்புகளில் ஆடிவிட்டு, ஸ்போர்ட்டிங் கிளப்போடு 2002-இல் லீக், கிண்ணம் இரண்டையும் வென்றார்.

ஒரு குறையும் இருந்தது. கோபம். 2000 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில், கூடுதல் நேரத்தில் பிரான்சுக்குப் பெனால்டி கொடுக்கப்பட்டபோது போர்த்துகல் ஆட்டக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் பென்டோவும் ஒருவர். பல மாதத் தடை கிடைத்தது.

அவருடைய கடைசி அனைத்துலக ஆட்டம் 14 ஜூன் 2002. உலகக் கிண்ணத்தில் தென் கொரியாவிடம் போர்த்துகல் 0-1 என்று தோற்று, முதல் சுற்றிலேயே வீட்டுக்குப் போனது. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்றுநர்

ஸ்போர்ட்டிங் இளையோர் அணியில் பயிற்றுநராகத் தொடங்கிய பென்டோ, 2005-இல் முதல் அணிக்குப் பொறுப்பேற்றார். தொடர்ந்து நான்கு பருவம் லீக்கில் இரண்டாம் இடம். போர்த்துகல் கிண்ணம் இரண்டு முறை. 2010-இல் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. 2012 ஐரோப்பியக் கிண்ணத்தில் அரையிறுதி வரை போய், ஸ்பெயினிடம் பெனால்டியில்தான் தோற்றார்கள்.

அதற்கப்புறம் இறக்கம். 2014 உலகக் கிண்ணத்தில் ஜெர்மனியிடம் 0-4, முதல் சுற்றோடு சரி. சில வாரங்களில் சொந்த மண்ணில் அல்பேனியாவிடம் தோல்வி, வேலையும் போனது. பிறகு பிரேசிலின் குருசேரோ, கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ், சீனாவின் சோங்சிங். எதுவும் நிலைக்கவில்லை.

கொரியாவின் முடிவு

2018 ஆகஸ்டில் தென் கொரியா பென்டோவைத் தேசியப் பயிற்றுநராக நியமித்தது. அந்தத் தேர்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? கிம் பான் கோன்! பின்னாளில் நம் மலேசிய அணிக்கு வந்த அதே கிம்தான். "யார் பெரிய பேர்?" என்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. எந்த மாதிரி ஆட்டம் வேண்டும் என்பதை முதலில் யோசித்தார்கள். பிறகுதான் அதற்கேற்ற ஆளைத் தேடினார்கள்.

பென்டோவின் திட்டம் எளிமையானது. பின்வரிசையிலிருந்தே பந்தைக் கையாண்டு, பாஸ் கொடுத்துக் கொடுத்து முன்னேற வேண்டும். பயந்துபோய்த் தூக்கி அடிக்கக் கூடாது.

2019 ஆசியக் கிண்ணக் காலிறுதியில் கட்டாரிடம் தோல்வி. 2021 மார்ச்சில் ஜப்பானிடம் 0-3. 2022 ஜூலையில் மறுபடியும் ஜப்பானிடம் 0-3. இந்தப் பாணி நமக்குச் சரிவராது, இவர் பிடிவாதக்காரர் என்று விமர்சனம் குவிந்தது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போதே கொரியா இடத்தை உறுதி செய்துவிட்டது. சங்கமும் அவரை விலக்கவில்லை.

2 டிசம்பர் 2022

கட்டார் உலகக் கிண்ணத்தில் உருகுவேயுடன் 0-0. கானாவிடம் 2-3. அந்தக் கானா ஆட்டத்தின் கடைசியில் கொரியாவுக்குக் கிடைத்த கார்னரை எடுக்கவிடாமல் நடுவர் ஆட்டத்தை முடித்துவிட்டார். பென்டோ திடலுக்குள் போய்ச் சத்தம் போட்டார். சிவப்பு அட்டை! 2000-இல் பார்த்த அதே கோபம்.

அடுத்த ஆட்டம் யாரோடு? போர்த்துகலோடு. 2002-இல் கொரியாவிடம் தோற்று வெளியேறியவர், இப்போது கொரியாவின் பயிற்றுநராகத் தன் தாய்நாட்டுக்கு எதிராக, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதையும் மாற்ற அவரால் முடியாது. ஐந்தாவது நிமிடத்தில் போர்த்துகல் கோல் அடித்தது. 27-வது நிமிடத்தில் கிம் யங் குவோன் சமன் செய்தார். 91-வது நிமிடத்தில் சன் ஹியுங் மின் தன் பகுதியிலிருந்தே பந்தைக் கொண்டு ஓடி, எதிரணியினரின் கால்களுக்கு நடுவே பாஸ் கொடுக்க, ஹுவாங் ஹீ சான் கோலாக்கினார். 2-1. உருகுவேயும் கொரியாவும் சமப் புள்ளி, சமக் கோல் வித்தியாசம். கூடுதலாகக் கோல் அடித்திருந்த கொரியா அடுத்த சுற்றுக்குப் போனது. அங்கே பிரேசிலிடம் 1-4 என்று தோற்று, பென்டோவும் விடைபெற்றார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

முதலாவது, நான்கு வருடம் பழகிய பழக்கம், பழக்கியவர் பக்கத்தில் இல்லாத நாளிலும் நின்றது. நல்ல பயிற்சிக்கு இதைவிடச் சோதனை வேறு இல்லை.

இரண்டாவது, உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் என்ன வித்தியாசம்? ஜெயித்தால் உறுதி, தோற்றால் பிடிவாதம் என்று ஊர் சொல்லும். அது சரியான அளவுகோல் இல்லை. பொறியியல் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவீடு தப்பாக வந்தால் வடிவமைப்பையே தூக்கிப் போட மாட்டோம். பத்து அளவீடும் ஒரே பக்கம் சாய்ந்தால், மாற்றாமல் இருப்பதுதான் தப்பு. ஜப்பானிடம் வாங்கிய அடி இரண்டு அளவீடு. தகுதிச் சுற்று முழுவதும் இன்னொரு நீண்ட வரிசை. எதற்கு எடை அதிகம் என்று பார்க்க வேண்டும். பென்டோ மாறவே மாட்டார் என்பதும் உண்மை இல்லை. நெடுநாள் ஒதுக்கி வைத்திருந்த லீ காங் இன்னை உலகக் கிண்ணத்துக்கு அழைத்துப் போனார். போர்த்துகலுக்கு எதிரான சமன் கோல் அந்த லீ எடுத்த கார்னரிலிருந்துதான் வந்தது.

மூன்றாவது, கோபம். திட்டத்தில் அவ்வளவு கட்டுப்பாடு உள்ளவர், 53 வயதிலும் நடுவரிடம் கட்டுப்பாட்டை இழந்தார். விளைவு, மிக முக்கியமான நாளில் அணியின் பக்கத்தில் அவர் இல்லை. ஒரு விஷயத்தில் ஒழுக்கம் இருந்தால் எல்லாவற்றிலும் தானாக வந்துவிடாது. அதைத் தனியாகத்தான் பழக வேண்டும்.

நம் பக்கக் கதையும் உண்டு. அதே கிம் பான் கோன் 2022-இல் மலேசியாவுக்கு வந்தார். நம் அணி தகுதிச் சுற்றில் ஜெயித்து ஆசியக் கிண்ணத்துக்குப் போனது. 25 ஜனவரி 2024 அன்று கொரியாவையே 3-3 என்று சமன் செய்தது. முந்திய இரண்டு ஆட்டத்திலும் தோற்று ஏற்கெனவே வெளியேறிவிட்ட அணி அது! இனிமேல் என்ன இருக்கு என்று நினைக்காமல் கடைசி நிமிடம் வரை ஆடினார்கள்.

கலந்து பேச மூன்று கேள்விகள்

1. உங்கள் படிப்பிலோ வேலையிலோ, ஒரே தோல்விக்குப் பிறகு கைவிட்ட முறை எது? அதற்கு எத்தனை வாய்ப்பு கொடுத்தீர்கள்?

2. நம் கிளையில் தலைவர் ஒரு நாள் வராவிட்டால் வேலை ஓடுமா? ஓடாதென்றால் நாம் எதைப் பழக்க மறந்தோம்?

3. பென்டோவை 2021-லேயே நீக்கியிருக்க வேண்டும் என்று ஒருவர் வாதிட்டால், அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள்? முடிவைக் காட்டாமல், காரணத்தை வைத்துச் சொல்லுங்கள்.