வெள்ளைக் கொடி ரோஜா

வீட்டுத் தோட்டத்தில் வெள்ளைக் கொடி ரோஜாவை ஆசையுடன் நட்ட மிராசுதார்களுள் பலர், மூன்று ஆண்டுகள் கழிந்தும் கூரைக்கு மேலே நாலு பூவன்றி வேறு காணாமல், செடியையே பழிக்கின்றனர். குறை பெரும்பாலும் செடியிலன்று. கொடியைக் கட்டும் முறையிலும் கத்தரிக்கும் முறையிலுமே உள்ளது.

வெண்ணிறக் கொடி ரோஜா நமது மலைகளுக்குப் புதியதன்று. நீலகிரி, பழனி மலைச் சோலையோரங்களில் ரோசா லெஷனால்ட்டியானா என்னும் காட்டு ரோஜா, வெண்மலர் தாங்கி மரங்களின் மேல் ஏறிப் படர்கின்றது. வீட்டிற்கு ஏற்ற வகைகளுள் 'கொடி ஐஸ்பெர்க்' ஒன்றாகும். 1958இல் ஜெர்மனியிலிருந்து வெளிவந்த ஒரு புதர் ரோஜாவில் தானே தோன்றிய மாறுதல் அது. புதரிலிருந்து பிறந்ததாதலின், இளமையில் ஒட்ட வெட்டினால் மீண்டும் புதராகிவிடுதலும் உண்டு. ஆதலால் முதல் இரண்டு ஆண்டுகள் காய்ந்த குச்சிகளை நீக்குவதன்றி வேறு கத்தரிப்பு ஆகாது.

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். கீழ்த்திசைச் சுவர் நலம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, ஒன்றரை அடி ஆழ அகலமுள்ள குழி எடுத்து, 10 கிலோ மக்கிய தொழுவுரத்தை மண்ணுடன் கலந்து இட்டு நடுக. நீர் தேங்கலாகாது.

செங்குத்தாக நிற்கும் கொடியில் நுனிமொட்டானது கீழ்க்கண்களைத் துளிர்க்கவிடாமல் அடக்கி வைக்கின்றது. அக்கொடியையே படுக்கையாக வளைத்துக் கட்டின், கண்தோறும் சிறு கிளை எழுந்து பூக்கும். இதற்காகச் சுவரில் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குக் கம்பிகள் இழுத்து, கொடி இளசாக இருக்கும்போதே சிறிது சிறிதாகச் சாய்த்து, வாழை நாரால் தளர்வாகக் கட்ட வேண்டும். முற்றிய கொடி வளையாது, ஒடியும். பள்ளிக்கூட வாயில், ஊர்ச்சாவடி முகப்பு ஆகியவற்றின் வளைவுகளில் ஏற்றுவோர், கொடியை நேரே மேலே விடாமல் தூணைச் சுற்றிச் சுற்றி ஏற்றுக.

மூன்றாம் ஆண்டு முதல், அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே மழை விட்ட நாள் பார்த்துக் கத்தரிக்கலாம். தாய்க்கொடிகளைத் தொடாது, பூத்து ஓய்ந்த பக்கக் கிளைகளை மட்டும் இரண்டு மூன்று கண்கள் விட்டு வெட்டுக. மிக முதிர்ந்த கொடி ஒன்றை அடியோடு நீக்கினால் புதுக்கொடி எழும். நுனிக்கருகல் புகாவண்ணம் வெட்டுவாயில் போர்டோப் பசை தடவுக.

ஒட்டுக்குக் கீழிருந்து எழும் தளிர் கொழுத்துத் தோன்றினும் அது அடிக்கட்டையின் தளிரே. அதனைக் கத்தரித்தால் மீண்டும் கிளைக்கும். மண்ணை விலக்கி, வேரோடு சேரும் இடத்திலேயே பிய்த்தெறிதல் வேண்டும்.