பெயரை ஊர்க்காரரிடம் கேளுங்கள்

கேள்வி: மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் நாங்கள். குலதெய்வம் சோளிங்கர் நரசிம்மர். இம்முறை அரக்கோணத்தில் இறங்கி, "ஷோலிங்கூர் பஸ் எங்கே நிற்கும்?" என்று கேட்டோம். சோழிங்கநல்லூர் என்று புரிந்துகொண்டு, திரும்பச் சென்னைக்கே ரயில் ஏறச் சொன்னார்கள். பிறகு ஆம்பூரில், கணவரோடு தோல் வியாபாரத் தொடர்புள்ள ஓர் இஸ்லாமியப் பெரியவர் வீட்டுக்குப் போனோம். விசிட்டிங் கார்டில் இருந்த இரண்டு பெயர்களில் ஒன்றைக் குடும்பப் பெயர் என்று நினைத்து, அதைச் சொல்லியே மாலைவரை அழைத்தோம். அது காலமான அவருடைய தந்தையின் பெயராம். இனி இப்படி நேராதிருக்க என்ன செய்வது?
– ஒரு வாசகி, மும்பை

பதில்: ஊர்ப்பெயரில் உங்களைத் தடுமாற வைத்தது ஆங்கில எழுத்து. வெள்ளைக்காரர் காலத்தில் நம் சகரத்தைப் பல ஊர்களுக்கு 'ஷ' ஆக்கி எழுதிவிட்டார்கள். சோழவந்தான், சோழவரம், சோழிங்கநல்லூர் எல்லாவற்றுக்கும் அதே கதிதான். 1781 செப்டம்பரில் ஹைதர் அலிக்கும் கம்பெனிப் படைக்கும் சோளிங்கரில் நடந்த போர்கூட ஆங்கில நூல்களில் அந்த ஷகரத்தோடுதான் இருக்கிறது.

கடைசி அசை இன்னும் சிக்கல். ஆம்பூரும் சோளிங்கரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரி 'யு-ஆர்' என்று முடிகின்றன. வாயில் ஒன்று 'ஊர்', மற்றது 'கர்'. வேலூருக்கோ 'ஓ-ஆர்-இ'. இதையெல்லாம் சீராக்க 2020-இல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டது. அதில் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி ஆயிற்று. எதிர்ப்பு எழவே, சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது. ஆனால் ழகர ளகரத்தையும் குறில் நெடிலையும் அந்த 26 எழுத்துகளால் தாங்க முடியாது. ஆகவே செல்போன் வரைபடத்தை விட்டு, பேருந்தின் தமிழ்ப் பலகையைப் பாருங்கள். எழுத்துக் கூட்டிப் படித்தாலும் போதும்.

சோழசிங்கபுரம் என்ற பழம்பெயரைக் காட்டி 'சோழிங்கர்' என்பதே சரி என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரார் ளகரம் போட்டு எழுதுகிறார்கள், அதுவே சரி. கேட்கும்போது 'கர்' என்று அழுத்தி முடியுங்கள். 'நரசிம்மர் கோயில்' என்று சேர்த்துச் சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது.

ஆளின் பெயர் விஷயம் இதைவிடப் பெரிது. ஊர்ப்பெயரைத் தப்பாகச் சொன்னால் யாராவது திருத்துவார்கள். விருந்தினர் தப்பான பெயர் சொல்லி அழைத்தாலோ, வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கக்கூடாதென்று பொறுத்துப் போவார்கள். மும்பையில் குடும்பப் பெயரால் அழைப்பது மரியாதை. இங்கே பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது; தந்தை பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது, பலரும் தந்தை பெயரை எழுதிவிடுகிறார்கள். அதே வரிசை விசிட்டிங் கார்டுக்கும் வந்துவிடுகிறது. ஆம்பூருக்குச் செருப்பு, ஷூ வாங்க வரும் வெளிநாட்டினரும் இதில்தான் தவறுகிறார்கள்.

கார்டைப் பார்த்து ஊகிக்காதீர்கள். "உங்களை எப்படிக் கூப்பிடணும், பாய்?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஆம்பூர் இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் உருது பேசுவார்கள்; தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகள் அந்தப் பெயர்களில் உண்டு. அவர் சொல்வதைக் கேட்டு, அவர் எதிரிலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பெரியவருக்கு இந்த வாரமே போன் செய்து, அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்.

இன்னொன்று: ரயிலில் 'சோளிங்கர்' நிலையத்தில் இறங்கினால் அது ஊருக்குள் இல்லை, பாணாவரத்தில் இருக்கிறது. கோயிலுக்கு அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும்.