மரதன் முடிந்த பிறகும் ஓடுவோம்



சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுப் போட்டி என்றால் நமது தோட்டங்களில் முதல் நிகழ்ச்சி மரதன் ஓட்டம்தான். விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் பொடியன்மார் கூடுவார்கள். விசில் ஊதியதும் குதிரை மாதிரிப் பாய்வார்கள். ஸ்டோர் வளைவு தாண்டுவதற்குள் பாதிப்பேர் விலாவைப் பிடித்துக்கொண்டு கான் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். முதலாவதாக வந்தவருக்குப் பரிசு கிடைக்கும். மறுநாள் முதல் ஓட்டத்தைப் பற்றிய பேச்சே இருக்காது, அடுத்த சித்திரை வரும்வரை. (உண்மையான மரதன் 42 கிலோமீற்றர் 195 மீற்றர். நாம் ஓடுவது ஐந்தோ ஆறோ. பெயர் மட்டும் பெரிசு, இருந்துவிட்டுப் போகட்டும்.)

பரிசு இல்லாத கிழமைகளிலும் ஒருவர் விரும்பி ஓடுவது எப்படி, அந்த விருப்பம் குறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பதே இம்முறை நமது பாடம்.

"நாள் முழுக்க மலை ஏறி இறங்குறோம், இதுல ஓட்டம் வேறயா?" என்று கொழுந்தெடுக்கும் அக்காமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூடை சுமந்து களைத்து வருபவருக்கு முதலில் வேண்டியது ஓய்வு. ஆனால் ஸ்டோரில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்பவர்கள், ஆபீசில் இருப்பவர்கள், படிப்பை முடித்துவிட்டு லயத்து வாசலில் நாளைப் போக்கும் இளைஞர்கள், நாற்பது தாண்டிப் பிரஷர், சீனி வியாதி என்று டிஸ்பென்சரிக்கு நடப்பவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குச் சொல்கிறோம்.

வியாதிக்குப் பயந்து ஓடத் தொடங்கியவர்களில் பலர் சீக்கிரமே நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறோம். வருடக்கணக்காக ஓடுகிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிரஷரைப் பற்றிப் பேசமாட்டார்கள். பனி விலகும் நேரம் மலைப் பாதையில் தன் மூச்சும் காலடியும் மட்டும் கேட்பதைப் பற்றிச் சொல்வார்கள். ஒரே காம்பராவில் ஆறு ஏழு பேர் படுத்தெழும் வீட்டிலே, யாரும் கூப்பிடாத அரை மணித்தியாலம் என்பது சின்ன விஷயமா? அந்த ருசி ஒருவருக்குப் பிடித்துவிட்டால் பிறகு நாம் தள்ளிவிடத் தேவையில்லை.

அந்த ருசி பிடிபடாமல் போவதற்கு முதற் காரணம் வேகம். வேகமாக ஓடும்போது தசைகள் தம்மிடம் சேமித்துள்ள சர்க்கரையை மளமளவென்று செலவழிக்கின்றன. மூச்சு முட்டுகிறது, கால் கனக்கிறது. ஓட்டம் என்றாலே வேதனை என்று மனம் எழுதி வைத்துக்கொள்கிறது. மெதுவாக ஓடினால் உடம்பு கொழுப்பையும் நல்ல பங்கு எரிக்கும், நெடுநேரம் தாங்கும். அளவு கண்டுபிடிக்க மணிக்கூடு வேண்டாம். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அப்படியானால் வேகம் சரி. பேச்சு துண்டு துண்டாக வந்தால் குறையுங்கள். உயரமான மலைகளில் காற்று அடர்த்தி குறைவு, சமதரையை விட மூச்சு சீக்கிரம் வாங்கும். ஏற்றத்தில் நடந்து போவதில் ஒரு வெட்கமும் இல்லை. புதியவர்கள் இரண்டு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்தால் போதும்.

மெதுவாக ஓடினால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்கிறீர்களா? நமது நாட்டு மனிதர் ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டம். 400 மீற்றர் மைதானத்தை 25 முறை சுற்ற வேண்டும். அமெரிக்காவின் பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் ஓடித் தங்கப் பதக்கம் பெற்றார். பலர் இடையிலேயே விலகினார்கள். மற்றவர்கள் எல்லாரும் முடித்த பிறகு, 67ஆம் இலக்கம் அணிந்த ஒருவர் மட்டும் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தார். அவர்தான் இலங்கையிலிருந்து போன இராணுவ வீரர் ரணதுங்க கருணானந்த. முதலில் கூட்டம் கேலி செய்தது. அவர் இன்னொரு சுற்று ஓடினார், கூட்டம் அமைதியானது. மேலும் ஓடினார், கைதட்டத் தொடங்கினார்கள். கடைசியில் வென்றவரை வரவேற்பதுபோல் அரங்கமே அவரை வரவேற்றது. ஜப்பானியப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் அவருடைய கதை இடம்பெற்றது. நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? கருணானந்த 1974இல் காலமானார்.

அவர் முன்னால் ஓடியவர்களைக் கணக்கில் எடுத்திருந்தால் விலகியிருப்பார். மீதிச் சுற்றுக்களைக் கணக்கில் எடுத்தார். நாமும் அப்படித்தான் கணக்கு வைக்க வேண்டும். ஒரு பழைய கொப்பியில் தேதி, எங்கே ஓடினோம், எத்தனை நிமிடம், உடம்பு எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், தவறணை வரைக்கும் போகமுடியாமல் இருந்தவர் கோயில் சந்தி வரை போய் வந்திருப்பது தெரியும். பேர் போட்டதைச் செக்ரோலில் பார்ப்பது போலத்தான்.

இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். மூன்று நான்கு கிழமையில் மூச்சு பழகிவிடும், இனி எவ்வளவும் ஓடலாம் போலத் தோன்றும். ஆனால் எலும்பும் முழங்கால் நரம்பும் பழகுவதற்கு மாதங்கள் எடுக்கும். ஆசையிலே தூரத்தை இரட்டிப்பாக்கி, முன்கால் எலும்பு வலித்து, ஓட்டத்தையே கைவிட்டவர்கள் உண்டு. கிழமையில் மூன்று நாள் போதும், இடையில் ஒரு நாள் ஓய்வு. கூட்டுவதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மனம் வராத நாளும் வரும். மழைத் தூறலாயிருக்கும், போர்வை சூடாயிருக்கும். அன்றைக்கு "அஞ்சு கிலோமீற்றர் ஓடணும்" என்று நினைக்கவே வேண்டாம். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு லயத்துக் கடைசி வரை நடப்போம் என்று மட்டும் கிளம்புங்கள். அநேகமாகக் கால் தானாக ஓடத் தொடங்கிவிடும். தொடங்காவிட்டால் திரும்பி வந்து தேத்தண்ணி குடியுங்கள். அதுவும் கொப்பியில் எழுதத் தகுந்ததே. ஒரு கூட்டாளி இருந்தால் இன்னும் நல்லது. சந்தியில் ஒருத்தன் குளிரில் காத்துக்கொண்டு நிற்கிறான் என்ற நினைப்பு எந்த அலார மணியையும் விடக் கெட்டி. காய்ச்சல் இருந்தால் மட்டும் ஓடவே கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள். நாற்பது தாண்டியவர்கள் தொடங்கும் முன் பிரஷர் பார்த்துக்கொள்ளவும்.

"பொம்பளப் புள்ள ரோட்டுல ஓடுறதா?" என்று தயங்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண்களால் நெடுந்தூரம் ஓட முடியாது என்று உலகமே நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. பெண்களுக்கான ஒலிம்பிக் மரதன் 1984இல்தான் லொஸ் ஏஞ்சல்ஸில் முதன்முதலாக நடந்தது. இன்று அதைச் சந்தேகிப்பவர் இல்லை. பிள்ளை தனியாகப் போவது பயம் என்றால் மூன்று நான்கு பேராக விடுங்கள், இல்லையேல் பாடசாலை மைதானத்தில் ஓடட்டும். ஓடும் பிள்ளை அடிக்கடி களைத்தால் சோம்பல் என்று ஏசாமல் இரத்தச் சோகை உண்டா என்று பாருங்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இன்னும் நன்றாகச் சேரும்.

நமது பாதைகளில் இறக்கந்தான் முழங்காலுக்கு எதிரி. இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள். மழை நாட்களில் குறுக்குப் பாதை வேண்டாம். பாசியும் வழுக்கும், அட்டையும் ஏறும். இருட்டோடு போகிறவர்கள் ஒரு டோர்ச் வைத்துக்கொள்ளவும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, மெல்ல நடந்து கடந்துவிட்டு, அப்புறம் ஓடுங்கள்.